மனத்தை மாற்றும் மூலிகைகளும் வழிபாட்டு மரபுகளும்: செடியைச் சடங்கிலிருந்து பிரிக்க முடியுமா?

வேர்க்கால்:

மனநிலையை மாற்றும் தாவரங்களை வழிபாட்டிலும் நோய் தீர்க்கும் சடங்கிலும் பயன்படுத்திய மக்களைப் பற்றி இப்போது தமிழில் நிறையவே எழுதப்படுகிறது. எழுதுவோர் பலரும் செடியின் பெயரில் தொடங்கி, அதிலுள்ள வேதிப்பொருளின் பெயரில் முடித்துவிடுகிறார்கள். அம்மக்கள் என்ன வேண்டி அதை உண்டார்கள், உண்பதற்கு முன் எதையெல்லாம் துறந்தார்கள், உண்டபின் யார் அவர்களோடு இருந்தார்கள் என்பவை இடையிலேயே காணாமல் போகின்றன. என் எண்ணத்தில் அந்த இடைப்பகுதிதான் மரபு. செடி அதன் ஓர் உறுப்பு மட்டுமே. இது சரிதானா என்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்பியே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

மெக்சிகோவின் ஓவாஹாக்கா மாநிலத்தில் ஹுவாவுட்லா என்ற மலையூரில் வாழ்ந்த மரியா சபினா என்ற மசாட்டெக் மருத்துவச்சியை முதலில் நினைவுகூர்கிறேன். அவர் நடத்திய இரவுச் சடங்குக்கு 'வெலாடா' என்று பெயர்; கண்விழித்திருத்தல் என்பது அதன் பொருள். வீட்டில் ஒருவர் நோயுற்றால், அந்நோயின் காரணத்தை அறிவதற்காக இருட்டில் காளான்களை உண்டு, இரவெல்லாம் பாடி, குணம் வேண்டுவார்கள். 1955இல் ஆர். கார்டன் வாசன் என்ற அமெரிக்க வங்கியாளர் அங்கே சென்றார். தம் மகனைப் பற்றிய கவலையைச் சொல்லித்தான் அவர் அச்சடங்கில் இடம்பெற்றார். ஏனெனில் நோயோ கவலையோ இல்லாத ஒருவர் காளானை நாடுவதற்கு அந்த ஊரில் காரணமே கிடையாது. 1957இல் அவர் எழுதிய கட்டுரை அமெரிக்காவில் பெருமளவில் விற்பனையான வார இதழ் ஒன்றில் வெளிவந்தது. அதில் மரியாவின் பெயர் மாற்றப்பட்டிருந்தும் ஊர் விரைவில் தெரிந்துவிட்டது. 1958இல் ஆல்பர்ட் ஹாஃப்மன் என்ற வேதியியலாளர் அக்காளானிலிருந்து, மனநிலையை மாற்றும் வேதிப்பொருளான சிலோசைபினைப் பிரித்தெடுத்தார். 1960களில் அயல்நாட்டு இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக மலையேறினார்கள். அவர்களைத் தொடர்ந்து காவல்துறையும் வந்தது. மரியாவின் வீடு எரிக்கப்பட்டது. வந்தவர்கள் கடவுளைத் தேடி வந்தார்கள் என்றும், தம் மக்களோ எக்காலத்திலும் நோயாளியைக் குணமாக்கவே காளானை உண்டார்கள் என்றும், அயலார் வருகைக்குப்பின் காளானின் ஆற்றலே போய்விட்டது என்றும் அவர் பிற்காலத்தில் வருந்திச் சொன்னார்.

ஹுய்சோல் என்று பிறரால் அழைக்கப்படும் விராரிகா மக்களின் பயணத்தை அறிந்தபோது என் எண்ணம் இன்னும் உறுதிப்பட்டது. மெக்சிகோவின் மேற்கு மலைத்தொடரிலிருந்து சான் லூயிஸ் பொட்டோசி மாநிலத்தின் பாலைநிலமான விரிக்குட்டாவுக்குப் பல நூறு கிலோமீட்டர் தொலைவு. முற்காலத்தில் முழுவதும் நடைதான். புறப்பட்டவர்கள் உப்பைத் தவிர்க்கிறார்கள், உடலுறவைத் தவிர்க்கிறார்கள். ஓரிடத்தில் நெருப்பைச் சுற்றி நின்று, தாம் இதுவரை உறவுகொண்ட ஒவ்வொருவரின் பெயரையும் அனைவர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் கயிற்றில் ஒரு முடிச்சு விழுகிறது. இறுதியில் அந்தக் கயிறு நெருப்பில் இடப்படுகிறது. அதைக் கேட்கும் கணவனோ மனைவியோ சினம் கொள்ளக் கூடாது. விரிக்குட்டாவை அடைந்ததும், முதலில் கண்ட பெயோட்டிக் கள்ளியை மானை வேட்டையாடுவதுபோல் அம்பெய்து வீழ்த்துகிறார்கள். ஏனெனில் அவர்களுக்கு மானும் மக்காச்சோளமும் பெயோட்டியும் வேறு வேறு அல்ல.

1897இல் ஆர்த்தர் ஹெஃப்டர் என்ற ஜெர்மானிய அறிஞர் பெயோட்டியிலிருந்து மெஸ்கலினைப் பிரித்து, தாமே உண்டு பார்த்து, காட்சிகளுக்குக் காரணம் அதுவே என்று நிறுவினார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த முடிச்சுக் கயிறு எந்தக் குடுவையில் தங்கியது என்பதே என் கேள்வி.


பழஞ்சுவடி:

வேர்க்கால் ஐயா குறிப்பிட்ட இரண்டும் கண்ணால் கண்டு பதிவு செய்யப்பட்ட மரபுகள் என்பதால் அவற்றின்மேல் வாதிட இடமிருக்கிறது. ஆனால் இத்தகைய உரையாடல்கள் விரைவிலேயே பழங்காலத்துக்குத் தாவி, எல்லா மதங்களின் தோற்றத்திலும் ஒரு செடி இருந்தது என்று முடிந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே சான்றின் வலிமையை முன்கூட்டியே பிரித்துக்கொள்வது நல்லது.

வலிமையான சான்று என்றால் பொருளே கிடைத்திருக்க வேண்டும். பாமீர் மலைப்பகுதியில் உள்ள ஜிர்சங்கால் இடுகாட்டில், ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்லறைகளில், சூடேற்றிய கற்கள் இடப்பட்ட மரத் தூபக்கலன்கள் கிடைத்தன. அவற்றில் படிந்திருந்தது போதையூட்டும் கூறு மிகுந்த கஞ்சாவின் எச்சம் என்று 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. கருங்கடலின் வடக்கே வாழ்ந்த நாடோடிகளான சிதியர்கள் இறந்தவரை அடக்கம் செய்தபின் சிறு கூடாரத்துக்குள் புகுந்து, காய்ச்சிய கற்களின்மேல் கஞ்சாச் செடியின் விதையைத் தூவி அப்புகையில் ஆர்ப்பரித்தார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதியதை வெறுங்கதை என்று ஒதுக்கியவர்கள் உண்டு. இப்போது அப்படி ஒதுக்க முடியாது. இஸ்ரேலின் தெல் அராத் கோயிலில், கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இரண்டு பலிபீடங்களில் ஒன்றில் விலங்குக் கொழுப்பில் கலந்த குங்கிலியமும், மற்றொன்றில் சாணத்தில் கலந்த கஞ்சாவும் எரிக்கப்பட்டிருந்தன. சாணம் சேர்த்தது நெருப்பு மெல்ல எரிவதற்காக என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எரிப்பது எப்படி என்று அறிந்தவர்கள் அதைச் செய்திருக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் வியப்பளித்த செய்தி.

இதற்கு நேர்மாறாக நிற்பது எலூசிஸ். ஏதென்சுக்கு அருகில் நூற்றாண்டுகள் பலவாக நடந்த அம்மறைச் சடங்கில் கைக்கியோன் என்றொரு பானம் பருகப்பட்டது. தெமீத்தர் தேவிக்கான பழம்பாடல் அதில் வாற்கோதுமை, நீர், ஒருவகைப் புதினா ஆகியவற்றை மட்டுமே குறிப்பிடுகிறது. கோதுமைக் கதிரில் வளரும் எர்கட் பூஞ்சை அதில் இருந்திருக்கலாம் என்று 1978இல் வாசன், ஹாஃப்மன், ரக் ஆகிய மூவரும் முன்வைத்தது ஒரு கருதுகோள். இன்றுவரை அது கருதுகோளாகவே நிற்கிறது.

வேத வேள்விகளில் பிழிந்து பருகிய சோமம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. ரிக்வேதத்தின் ஒன்பதாம் மண்டலத்தின் 114 சூக்தங்களும் சோமத்தைப் பிழிந்து வடிப்பதைச் சூழ்ந்தே பாடப்பட்டவை. எட்டாம் மண்டலத்திலோ 'சோமம் பருகினோம், அமரர் ஆனோம், ஒளியை அடைந்தோம்' என்று ஒரு குரல் கேட்கிறது. அது எந்தச் செடி என்று கேட்டால், 1968இல் வாசன் சிவப்புத் தொப்பிக் காளான் என்றார். வேறு சிலர் எபிட்ரா என்ற புதர்ச்செடி என்றனர். பின்னர் ஹர்மாலாச் செடி என்றனர். எதுவும் முடிந்தபாடில்லை. ஆனால் ஐயாவின் வாதத்துக்கு இங்கே எதிர்பாராத துணை ஒன்று இருக்கிறது. வேதச் சடங்குகளை விளக்கும் 'பிராமணங்கள்' என்ற நூல்களின் காலத்திலேயே உண்மையான சோமம் கிடைக்காதபோது எந்தெந்த மாற்றுச் செடிகளைப் பிழியலாம் என்று விதி எழுதிவிட்டார்கள். செடி மறைந்தது, வேள்வி நின்றுவிடவில்லை. 1975இல் கேரளத்தின் பாஞ்ஞாளில் நடந்த அதிராத்திரம் என்ற சோம வேள்வியில்கூட ஒரு கொடி பிழியப்பட்டது. அது மனத்தை மாற்றுவது அன்று. சடங்கைவிட்டு வந்த செடியைப் பற்றி ஐயா கவலைப்படுகிறார். செடியைவிட்டு வந்த சடங்கு மூவாயிரம் ஆண்டு வாழ்ந்திருக்கிறது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.


மௌனவாசல்:

நான் இருபது ஆண்டுகளாகத் தியானம் பயில்பவள். அந்த நிலையிலிருந்தே எழுதுகிறேன். 'ஆன்மிகப் பயன்பாடு' என்றும் 'தியானப் பயன்பாடு' என்றும் இவ்வுரையாடல்களில் ஒரே மூச்சில் சொல்லப்படும் இரண்டும் ஒன்றல்ல என்பதைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

பதஞ்சலியின் யோகசூத்திரம் நான்காம் பாதத்தின் முதல் சூத்திரத்திலேயே, சித்திகள் பிறப்பாலும் மூலிகையாலும் மந்திரத்தாலும் தவத்தாலும் சமாதியாலும் வருகின்றன என்கிறது. மூலிகைக்கு இடமளித்த இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பலர் பேசுகிறார்கள். அதே நூல் மூன்றாம் பாதத்தில், சித்திகள் சமாதிக்கு இடையூறுகள் என்று சொல்லிவிட்டதை அவர்கள் சேர்த்துப் படிப்பதில்லை. மூலிகையால் ஏதோ கிடைக்கும் என்பதை மறுக்காமலே, கிடைப்பது தேடவேண்டிய பொருள் அன்று என்று அந்நூல் சொல்கிறது. பௌத்தத்தின் ஐந்தாம் சீலம் மதிமயக்கத்துக்கு இடமாகும் மதுவகைகளைத் தவிர்க்கச் சொல்கிறது; திருமூலரும் கள்ளுண்ணாமைக்குத் தனிப்பகுதியே வைத்தார். மனத்தைக் கருவியாகக் கொண்டவர்கள் அக்கருவி மழுங்குவதை அஞ்சினார்கள்.

ஆனால் தியான மரபுகள் செடியே வேண்டாம் என்று இருந்துவிடவும் இல்லை. எய்சாய் என்ற ஜப்பானியத் துறவி 1191இல் சீனத்திலிருந்து திரும்பியபோது ஜென் நெறியோடு தேயிலை விதைகளையும் கொண்டுவந்தார். 1211இல் தேநீரின் நலத்தைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். நெடுநேரம் அமர்ந்திருக்கும் துறவிக்கு உறக்கமே முதற்பகை. தேநீர் அதை விரட்டியது. 15ஆம் நூற்றாண்டில் ஏமன் நாட்டுச் சூஃபிகள் இறைவன் பெயரை ஓதும் இரவுத் திக்ருக்காகக் காப்பியை வட்டமாக அமர்ந்து பகிர்ந்து பருகினார்கள். 1511இல் மெக்காவில் காப்பிக்குத் தடை விதித்தபோது, அது மதுவைப்போன்றதா இல்லையா என்பதே வழக்காக இருந்தது. காப்பியையும் தேநீரையும் நாம் இந்தப் பட்டியலில் சேர்ப்பதே இல்லை. அவையும் மனநிலையை மாற்றும் செடிகளே. வழிபாட்டின் வழியாகவே பரவியவை. காட்சிகளைத் தரும் செடியைத் தேடாமல், விழிப்பைத் தரும் செடியைத் தியானிகள் தேர்ந்தெடுத்தார்கள் என்பதில் ஆழ்ந்த பொருள் இருப்பதாக நான் நம்புகிறேன்.

ஆவேசத்துக்குக்கூட எல்லா இடங்களிலும் செடி தேவைப்படவில்லை. சங்கப் பாடல்களின் வேலன் வெறியாடியது முழக்கத்தாலும் ஆட்டத்தாலும். சைபீரியாவில் சிவப்புத் தொப்பிக் காளானை உண்ட குழுக்கள் சில இருந்தாலும், ஆவியுலகுக்குச் சென்று வருவதாக நம்பப்பட்ட பூசாரிகளான சாமன்களில் பெரும்பாலோருக்குப் பறையே குதிரையாக இருந்தது.


துளிமருந்து:

மருந்தியல் கற்பிப்பவள் என்ற முறையில், அமேசான் காட்டின் சடங்குப் பானமான அயாவாஸ்காவைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

கெச்சுவா மொழியில் 'அயா' என்றால் ஆவி அல்லது இறந்தோர். 'வாஸ்கா' என்றால் கொடி. அமேசான் காட்டு மக்கள் பானிஸ்டெரியாப்சிஸ் என்ற கொடியின் தண்டையும், காப்பிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு புதரின் இலையையும் சேர்த்து மணிக்கணக்கில் காய்ச்சுகிறார்கள். இலையில் உள்ள, காட்சிகளைத் தரும் டி.எம்.டி. என்ற வேதிப்பொருள் வாய்வழியாகத் தனியே சென்றால் பயனில்லை; குடலிலும் கல்லீரலிலும் உள்ள மோனோஅமீன் ஆக்சிடேஸ் என்ற நொதி அதைச் சிதைத்துவிடும். கொடியில் உள்ள ஹார்மின், ஹார்மலைன் ஆகியவை அந்த நொதியைத் தற்காலிகமாகத் தடுக்கின்றன. அதன்பிறகே இலை வேலை செய்கிறது. ஆயிரக்கணக்கான தாவர இனங்கள் உள்ள காட்டில் இந்த இணையை எப்படிக் கண்டார்கள் என்று கேட்டால், செடிகளே சொல்லின என்று அம்மக்கள் விடையளிக்கிறார்கள். பொலிவியாவின் குகை ஒன்றில் கிடைத்த, ஏறத்தாழ 1,000 ஆண்டுப் பழமையான சடங்குப் பொதியில், நரி முகத்தோல்கள் மூன்றைத் தைத்துச் செய்த சிறு பையில், ஹார்மினும் டி.எம்.டி.யும் சேர்ந்தே இருந்தன.

இதே நொதித்தடுப்புதான் இன்றைய ஆபத்துக்கும் காரணம். மனச்சோர்வுக்குத் தரப்படும் மாத்திரைகள் பல செரட்டோனின் அளவைக் கூட்டுகின்றன. அவற்றோடு அயாவாஸ்கா சேர்ந்தால் உயிருக்கே கேடு விளையலாம். காட்டில் வாழ்ந்த குரு தம் நோயாளியின் உணவையும் உறவையும் பல நாள் கட்டுப்படுத்தினார்; ஆனால் அந்த மாத்திரை அவருடைய மரபுக்குத் தெரியாது. ஆகவே மரபுச் சடங்கை அப்படியே கடைப்பிடித்தாலும் இன்றைய உடலுக்குப் பாதுகாப்பு உறுதியாகிவிடாது. காபோன் நாட்டின் ஐபோகா வேர்ப்பட்டை இதயத்துடிப்பின் ஒழுங்கைக் குலைத்து உயிரிழப்பை உண்டாக்கியிருக்கிறது. ஊமத்தை இவையெல்லாவற்றிலும் கொடியது. கலிபோர்னியாவின் சுமாஷ் மக்கள் அதை வாழ்வின் முக்கியத் திருப்பங்களில், அனுபவம் மிக்கவர் கையால் மட்டுமே பெற்றார்கள். மயக்கத்துக்கும் மரணத்துக்கும் இடையிலான தொலைவு அதில் மிகக் குறைவு. ஒரு செடியின் வீரியம் அடுத்த செடியில் இருப்பதில்லை. பெற்றோர் குடும்பத்தில் மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கு இவ்வகைச் செடிகள் எவையுமே பாதுகாப்பானவை அல்ல என்பதையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும்.

ஆய்வகம் எதையுமே கைப்பற்றவில்லை என்பதையும் நான் ஏற்கவில்லை. 1962ஆம் ஆண்டு புனித வெள்ளியன்று, பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் மார்ஷ் தேவாலயத்தில் வால்டர் பான்கே இறையியல் மாணவர் 20 பேரை வைத்துச் சோதனை நடத்தினார். பாதிப்பேருக்குச் சிலோசைபின் தரப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் பல ஆண்டுகளுக்குப் பின்னும் அதை மெய்யான சமய அனுபவமாகவே நினைவுகூர்ந்தார்கள். ஒருவருக்குக் கலக்கம் மிகுந்து அடக்கும் ஊசி போட நேர்ந்ததை முதல் அறிக்கை சொல்லாமல் விட்டது 1991இல் வெளியான மறு ஆய்வில்தான் தெரியவந்தது. 2006இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 36 பேரிடம் நடத்திய ஆய்வில், மூன்றில் இரு பங்கினர் அதைத் தம் வாழ்வின் மிகப் பொருள்நிறைந்த ஐந்து அனுபவங்களுள் ஒன்றாக மதிப்பிட்டார்கள்.


கீழைக்காற்று:

அம்மையார் எழுதிய கடைசி இரண்டு பத்திகளைப் பலமுறை படித்தேன். நான் ஆய்வாளன் அல்லன். என் அண்ணனுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

அவர் அயல்நாடொன்றில் மூன்று நாள் அயாவாஸ்கா முகாமில் கலந்துகொண்டார். நடத்தியவர்கள் அம்மரபில் பிறந்தவர்கள் அல்லர். எங்கள் சிற்றப்பாவுக்கு இளமையில் மனநோய் இருந்ததை அவர்கள் கேட்கவில்லை. அண்ணனுக்கும் சொல்லத் தோன்றவில்லை. மூன்றாம் இரவு அவர் அஞ்சி நடுங்கியபோது, எதிர்க்காமல் சரணடையுங்கள் என்று ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் காலை வண்டி வந்தது. எல்லோரும் அவரவர் நாட்டுக்குப் பிரிந்தார்கள். வீடு திரும்பியபின் ஒன்பது நாள் அவர் உறங்கவில்லை. மனநல மருத்துவரிடம் எட்டு மாதம் சிகிச்சை பெற்று இப்போது நன்றாக இருக்கிறார்.

செடியின் மீதோ அந்த மக்களின் மரபின் மீதோ எனக்குச் சினம் இல்லை. என் மனத்தில் தங்கிவிட்டது அந்த மறுநாள் காலைதான். அந்த நேரத்தில் அருகில் இருந்திருக்க வேண்டியவர் யார் என்பதை உங்களில் யாராவது சொல்ல முடியுமா?


செம்மண்:

தம்பியின் கேள்விக்கு விடை சொல்லத் தகுதியானவர் வேறு யாரேனும் இருக்கக்கூடும். நான் இந்தச் செடிகளின் உரியவர்களைப் பற்றிச் சொல்கிறேன். இதுவரை அவர்கள் இங்கே எடுத்துக்காட்டுகளாக மட்டுமே வந்தார்கள்.

1620இல் மெக்சிகோவின் சமய விசாரணை மன்றம் பெயோட்டியைத் தடைசெய்து ஆணையிட்டது. அன்று முதல் அதை உண்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். ஐக்கிய அமெரிக்காவின் பூர்வகுடிகள் 1918இல் ஒக்லஹோமாவில் தம் வழிபாட்டைத் திருச்சபை என்று பதிவு செய்ததே, அச்சொல்லின் பாதுகாப்பு இல்லாமல் அதைக் காக்க முடியாது என்பதால்தான். 1990இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், சடங்கில் பெயோட்டி உண்டதற்காக வேலையிழந்த இருவருக்கு வேலையிழப்பு உதவித்தொகை மறுக்கப்பட்டது செல்லும் என்று தீர்ப்பளித்தது. 1994இல் தனிச்சட்டத் திருத்தம் வந்தபிறகே பூர்வகுடிகளுக்கு அந்த உரிமை உறுதியானது. 1971ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை, சிறிய, தெளிவாக வரையறுத்த குழுக்கள் மந்திர, சமயச் சடங்குகளில் மரபாகப் பயன்படுத்தும் காட்டுச் செடிகளுக்கு நாடுகள் விலக்குக் கோரலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. ஒரு பேருடன்படிக்கையில் அது மிகச்சிறிய வாசல்.

இப்போது வந்திருப்பது விரும்புவோரின் நெருக்கடி. பெயோட்டி விதையிலிருந்து முதிர்வதற்குப் பத்தாண்டுகளுக்கு மேலாகும். தெற்கு டெக்சாசிலும் வடக்கு மெக்சிகோவிலும் மட்டுமே அது இயற்கையாக வளர்கிறது. ஆர்வத்தால் உண்ணும் ஒவ்வொரு அயலாரும், அதை வழிபாட்டுக்கு நம்பியிருக்கும் ஒருவரின் பங்கையே எடுக்கிறார். 1986இல் அமெரிக்கர் ஒருவர் அயாவாஸ்காக் கொடியின் ஒரு வகைக்குக் காப்புரிமையே பெற்றார். அமேசான் மக்களின் தலைவர்கள் சடங்குத் தலையணியோடு அலுவலகத்துக்கு வந்து முறையிட்டார்கள். 1999இல் விலக்கப்பட்ட காப்புரிமை 2001இல் மீண்டும் தரப்பட்டு, 2003இல் காலம் முடிந்தே ஒழிந்தது. காபோன் 2000இல் ஐபோகாவைத் தன் தேசியச் செல்வமாக அறிவித்தது. பெரு 2008இல் அயாவாஸ்கா அறிவைப் பண்பாட்டு மரபாக அறிவித்தது. அறிவிப்புகள் நல்லவைதாம். ஆனால் காபோனின் ப்விட்டி என்ற வழிபாட்டு நெறியில் சேரும் இளைஞர் ஐபோகாவை உண்டு, யாழிசைக்கிடையே முன்னோரைக் காணச் செல்லும்போது சடங்குக்கென அமர்த்தப்பட்ட ஒரு தாயும் தந்தையும் அவருக்குக் காவல் இருக்கிறார்கள்; அந்தத் தாயும் தந்தையும் எந்தப் பொட்டலத்திலும் ஏற்றுமதியாவதில்லை.


வேர்க்கால்:

அனைவருக்கும் நன்றி. புகையிலையும் கோக்காவும் என் நினைவை விட்டகலாமல் இருக்கின்றன. அமெரிக்கக் கண்டங்கள் முழுவதிலும் மிகப் பரவலாகப் புனிதமாக மதிக்கப்பட்ட செடி புகையிலைதான். அதன் புகை வேண்டுதலை மேலே கொண்டுசெல்வது. அயாவாஸ்கா குருவும் முதலில் நோயாளியின்மேல் ஊதுவது அதைத்தான். ஐந்து நூற்றாண்டுகளில் அது என்னவாயிற்று என்றால், ஆண்டுக்கு எழுபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதனால் இறக்கிறார்கள். ஆண்டிஸ் மலையில் கோக்கா இலை பூமித்தாய்க்குப் படைக்கப்படுவது, விருந்தினருக்கு இரு கைகளாலும் தரப்படுவது. இலையில் கிளர்ச்சியூட்டும் கூறு பொதுவாக நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 1860இல் ஆல்பர்ட் நீமன் அதைப் பிரித்துக் கோக்கைன் என்று பெயரிட்டபின் நடந்தது எல்லோரும் அறிந்தது. தன் மக்கள் இலை மெல்லும் உரிமைக்காகப் பொலிவியா 1961ஆம் ஆண்டின் ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கையிலிருந்தே விலகி, 2013இல் அந்த விலக்கோடு மீண்டும் சேர வேண்டியிருந்தது.


துளிமருந்து:

ஐயா, இந்த ஒப்பீட்டில் ஒரு திருத்தம் தேவை. நிக்கோட்டின் பழக்கத்துக்கு அடிமையாக்கும்; அதைச் சடங்கு முழுவதும் தடுத்துவிடாது. சிலோசைபினோ மெஸ்கலினோ அவ்வாறு அடிமையாக்குவதில்லை. ஆகவே புகையிலைக்கு நேர்ந்ததே காளானுக்கும் நேரும் என்று சொல்ல இயலாது. சடங்கை இழந்த ஒவ்வொரு செடியும் தனக்கே உரிய வழியில் தீங்கு செய்கிறது என்பது வரையில் நான் உடன்படுகிறேன்.


பழஞ்சுவடி:

எனக்கும் ஒரு தயக்கம் உண்டு. மரபு என்றால் பழமை என்று நாம் எல்லோருமே எடுத்துக்கொண்டுவிட்டோம். அயாவாஸ்காவைத் திருவுணவாகக் கொண்ட பிரேசிலின் சாந்தோ தைமே நெறியை ரைமுந்தோ இரினேயு செர்ரா என்ற ரப்பர்த் தொழிலாளர் தொடங்கியது 1930களில். உனியாவ் தோ வெஜெத்தால் என்ற மற்றோர் அயாவாஸ்கா நெறி தோன்றியது 1961இல்; 2006இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்நெறியினரின் பக்கம் தீர்ப்பளித்தது. 1918இல் பதிவான பெயோட்டித் திருச்சபையிலும் இயேசு இருக்கிறார். ஆக, புதிய சடங்கு பிறக்க முடியும். ஆனால் அவை ஒவ்வொன்றும் ஒரே ஊரில் வாழ்ந்து, ஒருவர் வீட்டு இழவுக்கு மற்றவர் சென்று, தவறுகளைத் திருத்திக்கொண்ட மக்களிடையே பிறந்தவை. மூன்று நாள் முகாமில் அது கூடுமா என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.


வேர்க்கால்:

துளிமருந்து அம்மையாரின் திருத்தத்தை ஏற்கிறேன். மௌனவாசல் அம்மா சொன்ன விழிப்புக்கும் காட்சிக்குமான வேறுபாட்டை நான் முன்பு எண்ணிப்பார்த்ததே இல்லை; இனி எண்ணாமல் இருக்க முடியாது.

கீழைக்காற்றுத் தம்பி, உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த ஒரே விடையைச் சொல்கிறேன். அமெரிக்கப் பூர்வகுடிகளின் பெயோட்டி வழிபாடு பொழுது சாய்ந்தபின் கூடாரத்துக்குள் தொடங்குகிறது. அதைக் கூட்டுவது ஒரு குடும்பம். பிள்ளை நோயுற்றிருக்கலாம், போருக்குச் சென்றவர் திரும்பியிருக்கலாம். நடுவில் நெருப்பு, பிறைவடிவில் மண்மேடு, நீர் நிறைத்த சிறு முரசும் சுரைக்குடுக்கைக் கிலுகிலுப்பையும் கைமாறிச் செல்ல, ஒவ்வொருவரும் தம் முறைக்கு நான்கு பாடல்கள் பாடுகிறார்கள். அச்சம் கொண்டவருக்காக மற்றவர்கள் பாடுகிறார்கள். விடியற்காலையில் ஒரு பெண், பெரும்பாலும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர், வாளியில் தண்ணீர் கொண்டுவந்து, அதன்முன் அமர்ந்து நெடுநேரம் வேண்டுகிறார். அந்தத் தண்ணீர் வட்டம் முழுவதும் சென்று எல்லோரும் பருகியபின், மக்காச்சோளமும் பழமும் இறைச்சியும் வருகின்றன. அப்போது இரவின் இறுக்கம் தளர்ந்து பேச்சும் சிரிப்பும் தொடங்கும். வெளியே வந்தபின்னும் யாரும் உடனே புறப்படுவதில்லை. நண்பகலில் அந்தக் குடும்பம் எல்லோருக்கும் மீண்டும் உணவிடும்வரை, நிழலில் படுத்தும் பேசியும் அங்கேயே இருப்பார்கள்.